காந்தி ரோட்டு வங்காளமும் கல்லூரி ஜெர்மனும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய காந்தி ரோட்டில் காலை எட்டு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். லாட்ஜ் வாசலில் நிற்கும் பையன் ‘ஆஷுன், ஆஷுன்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமா, பின்னால் போட வேண்டுமா என்று மருந்துக் கடைக்காரர் வங்காளத்தில் விளக்கிக்கொண்டிருப்பார். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு கேட்பார்கள். இந்தக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் எந்த வகுப்பிலும் உட்கார்ந்து வங்காளம் படித்தவர்கள் அல்ல. பேசினால்தான் வியாபாரம் நடக்கும், பேசினார்கள், வந்துவிட்டது.

நான் இதே ஊரில் ஒரு கல்லூரியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பருவம் படித்து, எழுத்துத் தேர்வில் தொண்ணூறு வாங்கிய மாணவரிடம் ஜெர்மனில் மணி கேட்டால், முதலில் என் முகத்தைப் பார்க்கிறார், பிறகு மின்விசிறியைப் பார்க்கிறார். இலக்கணம் தெரியாமலா? தெரியும். வகுப்பறையில் அவருக்கு அந்த மொழி எதற்கும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கேட்கிற எனக்கும் மணி தெரியும், அவருக்கும் தெரியும், சுவரில் கடிகாரமும் தொங்குகிறது.

காந்தி ரோட்டில் தானாக இருக்கும் அந்தத் தேவையை நான்கு சுவருக்குள் செயற்கையாக உண்டாக்குவதற்குத்தான் விளையாட்டு. வகுப்பு கலகலப்பாக இருக்கட்டும் என்பதற்காக அல்ல. கலகலப்பு வந்தால் வரட்டும், அது கொசுறு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இரண்டு வேறு சங்கதிகளை மக்கள் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். பாடம் பழையபடியே இருக்க, மேலே புள்ளி, பதக்கம், தரவரிசை என்று ஒட்டுவது ஒன்று. தொடர்ந்து எத்தனை நாள் படித்தீர்கள் என்று கைபேசிச் செயலி எண்ணிக் காட்டுவது இந்த வகை. இதை விளையாட்டுமயமாக்கல் என்கிறார்கள். தினமும் உட்கார வைப்பதற்கு இது உதவும். மற்றொன்று, மொழியைப் பயன்படுத்தினால் மட்டுமே நகரக்கூடிய ஓர் ஆட்டத்தை ஆட வைப்பது. நான் பேசப்போவது இந்த இரண்டாவதைப் பற்றி.

எது நல்ல ஆட்டம் என்று பார்க்க என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் உண்டு. ஆட்டத்திலிருந்து மொழியைப் பிடுங்கிவிட்டால் ஆட்டம் நடக்குமா? நடக்கும் என்றால் அது பாடத்துக்கு ஆகாது. பரமபதக் கட்டங்களில் ஜெர்மன் சொற்களை எழுதி ஆட வைக்கலாம், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஏணி ஏறுவதும் பாம்பில் சறுக்குவதும் தாயக்கட்டையின் கையில் இருக்கிறது. ஒரு சொல்கூடப் படிக்காமல் ஒருவன் வைகுண்டம் போய்ச் சேரலாம்.

மொழியில்லாமல் நடக்கவே முடியாத ஆட்டத்துக்கு எடுத்துக்காட்டாக, நான் ஆண்டுதோறும் நடத்தும் வரைபட ஆட்டத்தைச் சொல்கிறேன். வேலூரின் நடுப்பகுதியை ஒரு தாளில் குத்துமதிப்பாக வரைந்து இரண்டு படி எடுக்கிறேன். ஒரு படியில் கோட்டையும் அதற்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலும் இருக்கும், மருத்துவமனையும் பழைய பேருந்து நிலையமும் இருக்காது. அடுத்ததில் இது தலைகீழ். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார வேண்டும். ஒருவர் ஊர்க்காரர், மற்றவர் ஜெர்மனியிலிருந்து வந்த பயணி. தன்னிடம் இல்லாததைக் கேட்டு வாங்கித் தன் தாளில் குறிக்க வேண்டும். ஒருவரிடம் இருக்கும் தகவல் மற்றவரிடம் இல்லை, அந்த இடைவெளியை நிரப்ப வாய் திறப்பதைத் தவிர வழியில்லை. மொழியாசிரியர்கள் இதைத் தகவல் இடைவெளி என்பார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கலைச்சொல்லைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு மாணவியும் ஆம்பூர்ப் பையன் ஒருவனும் ஜோடி. அவள் கோட்டையைச் சொல்லிவிட்டாள். அதைச் சுற்றியுள்ள அகழியைச் சொல்ல வேண்டும், அதற்கு ஜெர்மன் சொல் தெரியவில்லை. கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினாள், முதுகுப் பக்கம் இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ‘வாஸர்... ஃபீல் வாஸர்’ என்றாள். தண்ணீர், நிறையத் தண்ணீர். அவன் ‘ஃப்ளுஸ்?’ என்றான். ஆறா என்று கேட்கிறான். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘நைன்! ஃப்ளுஸ் பாலாறு. பாலாறு கைன் வாஸர்!’

ஆறு என்றால் பாலாறு, பாலாற்றில் ஏது தண்ணீர்! பக்கத்தில் இருந்த நாலைந்து ஜோடிகள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரித்தன. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்து ஒரு பழைய பேச்சு உண்டு. ‘சாமி இல்லாத கோயில்’ என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1981-ல் ஜலகண்டேசுவரர் மீண்டும் கோட்டைக்குள் வந்து அமர்ந்ததும் அந்த ஒன்று மட்டும் கழன்றுகொண்டது. அந்தக் கிண்டலை அவள் ஐந்தாறு சொல் ஜெர்மனில் சொல்லிவிட்டாள். வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது. ஆனாலும் புரிந்தது, அவன் அகழியை வரைந்தான்.

ஆட்டம் முடிந்ததும் கரும்பலகையில் ‘கிராபன்’ என்று எழுதினேன். அகழி. இந்தச் சொல்லை நான் அதற்கு முன்பும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், யாருக்கும் நிற்கவில்லை. இவள் பருவத் தேர்வு வரைக்கும் மறக்கவில்லை. தேடித் தவித்து, கிடைக்காமல், பிறகு கைக்கு வந்த சொல் அது.

இதற்கு ஆராய்ச்சி உலகத்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. மொழி கற்பதைப் பற்றி 1980-களில் அதிகம் பேசப்பட்டவர் ஸ்டீபன் கிராஷன் என்ற அமெரிக்க அறிஞர். புரியும் அளவில் மொழியை ஏராளமாகக் கேட்கவும் படிக்கவும் கிடைத்தால் போதும், பேச்சு தானே வரும் என்பது அவர் வாதம். அச்சமும் கூச்சமும் ஒரு வடிகட்டி மாதிரி நடுவில் நின்று, காதில் விழுவதை உள்ளே போகவிடாமல் செய்கின்றன என்றும் சொன்னார். கனடாவில் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் வேறொன்றைக் கவனித்தார். அங்கே எல்லாப் பாடத்தையும் ஃபிரெஞ்சிலேயே படிக்கும் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஃபிரெஞ்சு கேட்டிருந்தார்கள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பிழைகள் நின்றபடியே நின்றன. வாய் திறந்து சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதே ஒருவருக்குத் தெரிகிறது என்று அவர் எழுதினார். நான் ஸ்வெய்ன் கட்சி. ஆனால் அந்தக் கூச்ச வடிகட்டி விஷயத்தில் கிராஷன் சொன்னதை எங்கள் ஊரில் தினமும் பார்க்கிறேன்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் அது இன்னும் தடிமன். பத்து வயதுப் பிள்ளை தப்பாகப் பேசினால் எல்லோரும் ரசிப்பார்கள். பத்தொன்பது வயதில், முன் பெஞ்சில் பெண்களும் பின் பெஞ்சில் நண்பர்களும் இருக்கும்போது தப்பாகப் பேசுவது லேசான காரியமா? முதல் நாள் துண்டுச்சீட்டை நீட்டியதுமே ஒருவன் கேட்டான்: ‘நாங்கள் என்ன எல்.கே.ஜி. குழந்தைகளா, சார்?’ நியாயமான கேள்வி. அவனுக்கு நான், ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனத்தின் ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வைக் காட்டினேன். அதன் பேச்சுப் பகுதியில் தேர்வர்கள் ஒரு சீட்டை எடுக்க வேண்டும், அதில் உள்ள சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல வேண்டும். தேர்வே சீட்டாட்டம் மாதிரிதான் இருக்கிறது. வளர்ந்தவர்களை விளையாட வைக்க வேண்டுமானால் ஏன் விளையாடுகிறோம் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கு அது தேவையில்லை.

நான் தொடக்கத்தில் செய்த தவறையும் சொல்ல வேண்டும். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து வினாடிவினா வைத்தேன். சத்தம் பொறுக்காமல் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அமளி. நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். மணி அடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அறுபது பேரில் பேசியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் கைதட்டினார்கள். தெருவில் விளையாடும்போது சின்னப் பையனை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்வோமே, ஆடினாலும் கணக்கில் வரமாட்டான், அவுட் ஆனாலும் பரவாயில்லை. என் வகுப்பில் ஐம்பத்து நான்கு ஒப்புக்குச் சப்பாணிகள். தகவல் இடைவெளி ஆட்டத்தில் இந்தப் பதவியே கிடையாது. ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்கு வேண்டிய ஒரு துண்டு இருக்கிறது. அறுபது பேர் என்றால் முப்பது ஜோடி, முப்பது வாய் ஒரே நேரத்தில் பேசும். சந்தை இரைச்சல்தான். அந்த இரைச்சல்தான் கூச்சக்காரர்களுக்குப் போர்வை.

எண்களுக்கு, கூப்பிடும் எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டே போகும் தம்போலாவை மிஞ்ச எதுவும் இல்லை. தமிழில் நாற்பத்தேழு என்று பத்தை முதலில் சொல்கிறோம். ஜெர்மனில் ‘ஸீபன்-உண்ட்-ஃபியர்ட்ஸிஹ்’, அதாவது ஏழும் நாற்பதும். ‘ஸீபன்’ என்று காதில் விழுந்ததுமே அவசரக்காரன் 74-ஐ அடித்துவிடுவான். மருத்துவமனையில் 47 மில்லி என்பதை 74 என்று எழுதினால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஒரு ‘ஹவுஸ்’ கைநழுவியதிலேயே புத்தி வந்துவிடும். ஃபிரெஞ்சு வகுப்பில் இன்னும் வேடிக்கை. அங்கே 80 என்பது ‘நான்கு இருபது’, 90 என்பது ‘நான்கு இருபது பத்து’. தம்போலா 90-ல் முடிவதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். ஃபிரெஞ்சுக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம், நம் தொண்ணூறுக்குள் ஒரு நூறு எதற்காக உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஜப்பானியத்துக்கு ‘ஷிரிதோரி’. நமக்கு அந்தாதியும் தெரியும், பாட்டுக்குப் பாட்டும் தெரியும் என்பதால் விதி சொல்ல அரை நிமிடம் போதும்: முதலாமவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும். ‘ஸகுரா’ என்றால் ‘ரகுதா’, அது ஒட்டகம். ‘ரகுதா’ என்றால் ‘தாருமா’. காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அந்தப் போதிதர்மரின் பெயரைத் தாங்கிய பொம்மை. ‘ன்’ என்று முடியும் சொல்லைச் சொன்னவர் தோற்றார். அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஜப்பானியத்தில் இல்லை.

இதுவரை சொன்ன ஆட்டங்களைப் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வினைச்சொல்லே இல்லாமல் ‘பாலாறு கைன் வாஸர்’ என்று பேசி ஜெயித்துவிட்டால் இலக்கணம் எப்போது வரும்? சரியான சந்தேகம். இதே வரைபட ஆட்டத்தில் ‘மருத்துவமனைக்குப் பக்கத்தில்’ என்பதற்கு ‘நேபன் டேம் க்ராங்கன்ஹவுஸ்’ என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் வேற்றுமையை மாற்றாமல் ‘நேபன் டாஸ்’ என்பார்கள். கேட்பவருக்குப் புரிந்துவிடும், பேருந்து நிலையத்தைச் சரியான இடத்தில் குறித்தும் விடுவார். ஆட்டம் பிழையைத் தண்டிக்கவில்லை. காந்தி ரோட்டு வங்காளத்தின் குறையும் இதுதான். வியாபாரம் முடிகிற அளவுக்கு வரும், அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நான் இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஆட்டம் நடக்கும்போது குறுக்கே பேசுவதில்லை. ஜோடி ஜோடியாகச் சுற்றி, காதில் விழும் பிழைகளை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறேன். ஐம்பது நிமிடப் பாடவேளையில் ஆட்டம் இருபது நிமிடத்தைத் தாண்டாது. கடைசிப் பத்து நிமிடம் அந்தச் சீட்டுக்கு. யார் சொன்னது என்று சொல்லாமல் ஐந்தாறு பிழைகளைக் கரும்பலகையில் எழுதுவேன், வகுப்பே திருத்தும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் நடத்துகிறவர்கள் சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்க மறந்தவர்கள்.

இரண்டாவது வழி, பிழையில்லாமல் சொன்னால்தான் நகரும் ஆட்டங்கள். கப்பல் வேட்டை நினைவிருக்கிறதா? கட்டம் போட்ட தாளில் கப்பல்களை ஒளித்துவைத்து, எதிராளி ஊகித்துச் சுடுவது. இடப்பக்கம் எண்களுக்குப் பதில் நான், நீ, அவன், நாங்கள் என்று எழுதுங்கள். மேலே வினைச்சொற்கள். ‘அவன்’ வரிசையில் ‘பயணம் செய்’ கட்டத்தைச் சுட வேண்டுமானால் ‘எர் ஃபேர்ட்’ என்று முழுதாகச் சொல்ல வேண்டும். ‘எர் ஃபார்ட்’ என்று உயிரெழுத்தை மாற்றாமல் சொன்னால் குண்டு கடலில் விழுந்தது என்று கணக்கு. போகிறேன், போகிறாய், போகிறான் என்று இடத்துக்குத் தக்க வினையை மாற்றிப் பழகிய தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கருத்தே புதிதில்லை. ஜெர்மனை ஆங்கிலம் வழியாக யோசிக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். மரியாதைப் பன்மையும் அப்படித்தான்: நீ, நீங்கள் என்ற வேறுபாடு ‘டூ’, ‘ஸீ’ என்று ஜெர்மனிலும் அப்படியே இருக்கிறது.

தமிழ் உதவாத இடமும் உண்டு. நமக்கு மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் மட்டும்தான் ஆண்பால், பெண்பால். மற்றதெல்லாம் அஃறிணை, வேலை முடிந்தது. ஜெர்மனில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, மனப்பாடம்தான். இதற்கு ஆட்டத்தைவிட ஆம்பூர்ச் செருப்புப் பெட்டி மேல். அட்டைப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்து, சொல் எழுதிய சீட்டுகளை முதல் அறையில் போட வேண்டும். சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பானது எங்கிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின் அறைகளைப் பார்க்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். ஸெபாஸ்டியன் லைட்னர் என்ற இதழாளர் 1972-ல் தம் ஜெர்மன் புத்தகத்தில் விளக்கிய முறை இது. இன்றைய சொற்பயிற்சிச் செயலிகள் பலவற்றுக்குள்ளும் இதே கருத்துத்தான் இருக்கிறது.

ஆட்டச் சூட்டில் தமிழ் பீறிட்டு வருவதைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். தமிழ் பேசினால் அபராதம் என்ற ஆங்கிலப் பள்ளிப் பழக்கம் எனக்குக் குமட்டும். அதனால் அபராதத்தைத் தலைகீழாக்கி, புளியங்கொட்டையைப் பரிசாகக் கொடுக்கிறேன். சொல் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அதையே ஜெர்மனில் கேட்டால், ‘வீ ஸாக்ட் மன்...’, ‘இதை எப்படிச் சொல்வது?’ என்று கேட்டால், அவருக்கு ஒரு கொட்டை. பறிப்பதே இல்லை. முதல் வாரத்தில் இந்த வாக்கியத்தையும் ‘நோஹ் ஐன்மால், பிட்டே’, இன்னொருமுறை சொல்லுங்கள், என்பதையும் மட்டும் நன்றாகப் பழக்கிவிட்டால் எந்த ஆட்டமும் தாங்கும்.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று படிக்கும் செவிலியர் மாணவிகளுக்கு வேறொரு சீட்டு வைத்திருக்கிறேன். நோயாளியின் சீட்டில் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று இருக்கும். செவிலி கேள்வி கேட்டே அதைக் கண்டுபிடித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். சென்ற பருவத்தில் இதைப் பொறியியல் பையன்களுக்கும் கொடுத்துப் பார்த்தேன். நோயாளியாக உட்கார்ந்தவன், முதல் நாள் என்னை எல்.கே.ஜி.யா என்று கேட்டவனேதான். எங்கே வலி என்றான் பக்கத்தில் இருந்தவன். நோயாளி சீட்டைப் பார்த்து, ‘கோப்ஃப்’ என்றான். தலை. ‘ஸைட் வன்?’ எப்போதிலிருந்து? சீட்டில் ‘நேற்று’ என்று இருந்தது. அவன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். ‘ஸைட் மோன்டாக்’ என்றான். திங்கட்கிழமையிலிருந்து. ‘வரும்?’ என்றான் மற்றவன். ஏன் என்ற அந்தக் கேள்வி படிவத்திலேயே கிடையாது.

‘மோன்டாக் இன்டர்னல்!’

மற்றவன் படிவத்தில் அதையும் எழுதிக்கொண்டான்.